புலனக் குழுவில் விலைப்பட்டியல் வேண்டாம்

கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலிருந்தே ரவிக்கை தைக்கிறேன். தொடக்கத்தில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்புப் பகுதியின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் தினமும் விலைப்பட்டியலைப் போட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. அட்மின் அக்கா மட்டும் "போதும்மா" என்று தனியாக எழுதினார்.

அப்புறம் தீபாவளி நெருங்கும் நேரத்தில் ஒருவர், "பட்டு ரவிக்கையில் கை இறுக்குது, என்ன செய்யலாம்?" என்று குழுவில் கேட்டார். கையைத் திருப்பி உள்தையலைப் பாருங்கள், பெரும்பாலும் அரை அங்குலமாவது துணி விட்டிருப்பார்கள், அந்த ஒரு தையலைப் பிரித்தாலே போதும் என்று படத்தோடு பதில் போட்டேன். விலை பற்றி மூச்சே விடவில்லை. அன்றிரவே மூன்று பேர் அழைத்தார்கள்.

இன்னொன்று. உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்களுக்குக் குழுவில் தெரிவது, சுயவிவரத்தில் நீங்கள் வைத்திருக்கும் பெயர்தான். அங்கே வெறும் ரோஜாப்பூ இருந்தால் யாரென்று தெரியும்? 25 எழுத்துதான் இடம், அதனால் பெயர், தொழில், ஊர் என்று சுருக்கி வையுங்கள். ஸ்டேட்டஸை மட்டும் நம்பவும் வேண்டாம். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், எண்ணைச் சேமிக்காதவர்கள் கண்ணிலும் படாது.

பெரிய விற்பனைக் குழுக்களைவிடப் பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் குழுதான் எனக்குக் கைகொடுத்தன. ஆனால் அங்கே இரங்கல் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது ரவிக்கைப் பேச்சை எடுத்துவிடாதீர்கள், சரியா?