மரவள்ளிக்கிழங்கு அவிப்பது எப்படி? மூடியைத் திறந்தே வையுங்கள்

இலங்கையில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் மரவள்ளிதான் அடுப்பேறியது. 1970களில் அரிசி, கோதுமை மா இறக்குமதி சுருங்கிய காலத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாடே அதுதான். முதன்முதலாக அவிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மரவள்ளி என்றதும் பெரியவர்கள் சொல்வது: "இஞ்சி சேர்க்காதே, நஞ்சு." சேர்க்காமல் விடுவதால் நட்டமில்லை. ஆனால் நஞ்சு கிழங்கிலேயே இருக்கிறது. இஞ்சியைக் கவனமாக ஒதுக்கிவிட்டுச் சட்டியை இறுக மூடி அவிப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். கிழங்கில் லினமரின் என்றொரு பொருள் உண்டு. வெட்டும்போதும் நசுக்கும்போதும் கிழங்கின் நொதியமே (என்சைம்) அதை உடைத்து ஐதரசன் சயனைட் என்ற நஞ்சை வெளிவிடும். அது தண்ணீரில் கரையும், 26 பாகை செல்சியசிலேயே ஆவியாகும். அது வெளியேற வழிவிடுவதுதான் எங்கள் வேலை.

1. அன்று கிண்டிய கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். முறித்தால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கிடந்ததில் நீலம் கலந்த கறுப்பு இழைகள் ஓடியிருக்கும். விலை குறைத்தாலும் வேண்டாம். நஞ்சு கூடிய கசப்பு இனமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பார்வைக்குப் பிடிபடாது.

2. மண்நிறத் தோலைச் சுரண்டினால் மட்டும் போதாது. அதன் கீழே உள்ள தடித்த தோலில்தான் நஞ்சு கூடுதல். நீளவாக்கில் கத்தியால் ஒரு கீறு போட்டு, ஓரத்தை நெம்பிப் பெருவிரலால் தள்ளினால், புதுக் கிழங்கில் அது சுருளாகக் கழன்று வரும்.

3. இரண்டாகப் பிளந்து நடு நாரை உருவி, சின்னத் துண்டுகளாக வெட்டிக் கழுவுங்கள். பெரிய துண்டு பார்க்க அழகு, ஆனால் நஞ்சு உள்ளேயே தங்கும்.

4. துண்டுகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிநீரில் போட்டால் நொதியம் வேலை செய்யுமுன்னே செயலிழந்துவிடும். தண்ணீர் தாராளமாக நிற்கட்டும், மூடி வேண்டாம். துண்டுகள் வெடித்து மாப்போல் ஆனதும் தண்ணீரை முழுதாக வடித்துக் கொட்டுங்கள். அதைக் கறிக்கு எடுக்காதீர்கள். வாயில் வைத்துக் கசந்தால் சட்டியோடு கொட்டுங்கள்.

நீராவியில் வேகவைப்பதோ பச்சையாகச் சீவிப் பொரிப்பதோ நஞ்சை அவ்வளவாகக் குறைக்காது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் தலைசுற்று, வாந்தி, தலைவலி வந்தால், அதுவும் பிள்ளைகளுக்கு என்றால், கைமருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தினமும் சாப்பிடுவதாக இருந்தால் மீனோ முட்டையோ கட்டாயம். சயனைட்டைக் கழிக்க உடலுக்குக் கந்தகம் கொண்ட புரதம் தேவை. மரவள்ளியில் புரதம் சொற்பம். 1981இல் மொசாம்பிக்கில் வறட்சி வந்தபோது, சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே நம்பியிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் கால்கள் விறைத்துச் செயலிழந்தன. பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும்.

சம்பலுக்குச் செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு மூன்றையும் இடித்து, தேங்காய்ப்பூ போட்டு இன்னொரு முறை இடியுங்கள். தேசிக்காய்ப் புளி கடைசியில். பக்கத்தில் ஒரு மீன் கறியும் இருக்கட்டும்.