பங்குனி வெயில்ல ஃப்ரெண்ட் சேலத்துக்கு வந்தா வீட்டுலயே ரெண்டு நாள்

வெளியூர்ல இருந்து ஃப்ரெண்ட் வர்றாங்கன்னதும் நாம பண்ற முதல் வேலை லிஸ்ட் போடறது, ஏற்காடு, கோட்டை மாரியம்மன், மூக்கனேரின்னு ரெண்டு நாளும் இழுத்துட்டு அலைஞ்சா ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் ஏத்திவிடும்போது தான் ஐயோ ஒண்ணுமே பேசலையேன்னு தோணும். பங்குனி மாசம் பகல்வழி நடந்தவன் படுபாவின்னு பெரியவங்க சொல்லிருக்காங்க, அதனால வீட்டுலயே இருங்க. ஆனா நடுவுல ஒரு வேலை வச்சுக்கங்க. என் வீட்டுல அது ஜவ்வரிசி வத்தல்.

வந்தவங்களுக்கு வேலையான்னு கேக்காதீங்க. போன வருஷம் என் ஃப்ரெண்ட் வந்தப்ப வெள்ளிக்கிழமை ராத்திரி ஹால்ல உக்காந்து வேலை எப்படி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டதோட பேச்சு முடிஞ்சு போச்சு, மறுநாள் மாடியில கரண்டியை கையில குடுத்ததும் ரெண்டாவது வரிசை ஊத்தறதுக்குள்ள அவளா ஆரம்பிச்சு ஒரு வருஷக் கதையையும் கொட்டிட்டா.

வெள்ளிக்கிழமை ராத்திரியே 1 டம்ளர் மாவு ஜவ்வரிசியை ஊறப் போட்ருங்க. நம்மூரு குச்சிக்கிழங்குல, அதான் மரவள்ளிக்கிழங்குல செஞ்சது, எந்த மளிகைக்கடையிலயும் கிடைக்கும். காலையில 6 மணிக்கு 5 டம்ளர் தண்ணி கொதிக்க வச்சு அதுல போட்டு அடிப்பிடிக்காம கிண்டிட்டே இருங்க, வெள்ளை மறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆகணும். 4 பச்சை மிளகாயும் சீரகமும் அரைச்சு ஊத்தி உப்பு போடுங்க, உப்பு மட்டும் கம்மியாவே போடுங்க, ஏன்னா தண்ணி வத்தினா கரிப்பு ஏறிடும். அடுப்பை அணைச்சு கொஞ்சம் ஆறினப்புறம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கலாம். மாடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு நாலு மூலையிலயும் செங்கல் வச்சு கரண்டி கரண்டியா ஊத்துங்க, 8 மணிக்குள்ள முடிச்சுட்டு கீழ இறங்கிடணும், அப்புறம் தரையில கால் வைக்க முடியாது.

10 மணிக்கு ஜன்னலை எல்லாம் சாத்தி திரையை இழுத்துவிட்டு சாயங்காலம் தான் திறக்கணும், வீடு நிஜமாவே குளுகுளுன்னு இருக்கும். மதியத்துக்கு வேப்பம்பூ ரசம், ஒரு பருப்புத் துவையல், போதும். பழுத்த மாம்பழம் கேப்பாங்க, நல்ல மல்கோவா வர இன்னும் நாள் இருக்கு, இப்போதைக்கு கிளிமூக்கு மாங்காயை கீத்து போட்டு உப்பு மொளகாத்தூள் தொட்டு குடுங்க. அப்புறம் தூங்க விடுங்க.

சாயங்காலம் தட்டுவடை செட். தட்டுவடைன்னா மொறுமொறுன்னு சின்ன தட்டை தான். கடையில வாங்கிட்டு வர்றதை விட தட்டுவடை மட்டும் வாங்கி வீட்டுல செட் போடறது தான் எனக்குப் பிடிக்கும். பீட்ரூட், கேரட் துருவி தண்ணியை நல்லா பிழிஞ்சுடுங்க, வெங்காயம் பொடிசா நறுக்குங்க, மல்லி புதினா சட்னி ஒண்ணு, வரமிளகாய் பூண்டு சட்னி ஒண்ணு, ரெண்டும் கெட்டியா இருக்கணும். ஒரு தட்டுவடை மேல சட்னி, காய், இன்னொரு தட்டுவடை வச்சு மூடி முழுசா வாய்க்குள்ள. மொத்தமா போட்டு அடுக்கி வச்சா நமத்துப் போயிடும், ஒருத்தர் போடப் போட ஒருத்தர் சாப்பிடணும், உடைஞ்ச தட்டுவடையை தூக்கிப் போடாதீங்க, அதே காயும் சட்னியும் கலந்தா நொறுக்கல்.

6 மணிக்கு வத்தல் ஷீட்டை ஓரமா நகத்திட்டு மாடித் தரையில ரெண்டு மூணு பக்கெட் தண்ணி ஊத்துங்க, சூடு இறங்கினதும் கோரைப்பாய் விரிச்சு கொசுவலை கட்டி அங்கயே படுங்க. எங்க தெருவுல வேப்பமரம் பூத்திருக்கும், விடிகாலையில அந்த வாசத்துல தான் முழிப்பு வரும், அதை வந்தவங்க மறக்கவே மாட்டாங்க.

ஏற்காடு போகலையான்னு கேட்டா ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் சரின்னு சொல்லுவேன். கோடை மழை பெஞ்சு ஒரு வாரம் பத்து நாள்ல காப்பித் தோட்டம் மொத்தமா வெள்ளையா பூக்கும், மல்லிகை மாதிரி வாசம், ரெண்டு மூணு நாள்ல வாடிடும். அது அமைஞ்சா ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி கிளம்பி 20 ஹேர்பின் வளைவையும் கூட்டம் வர்றதுக்குள்ள ஏறிடுங்க, மதியத்துக்குள்ள வீடு திரும்பிடலாம். இல்லன்னா மலையை மாடியில இருந்தே பாத்துக்கலாம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வத்தல் ஷீட்டை விட்டு தானா கழண்டு வரும், ரெண்டு பேருமா உரிச்சு ஒரு டப்பால போட்டு குடுத்தனுப்புங்க. ஊருக்குப் போய் இன்னும் ஒரு வெயில் காட்டச் சொல்லுங்க, எண்ணெய் நல்லா காஞ்சப்புறம் போட்டா தான் பூவா பொரியும்.