சாக்கெட் டெஸ்ட் பேட்ச் வந்தா எப்படி ரிவ்யூ பண்றது

லினக்ஸ் கெர்னல்ல நெட்வொர்க் செல்ஃப்டெஸ்ட்டுக்கு (கெர்னல் கோடோடவே இருக்கற டெஸ்ட் புரோகிராம்) பேட்ச், அதாவது கோட் மாற்றம், வந்தா "டெஸ்ட் தானே"ன்னு மேலோட்டமா பாத்துட்டு ஓகே சொல்லிடுவோம், நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருதடவ நான் ஓகே சொன்ன டெஸ்ட் மாசக்கணக்கா பாஸ் ஆயிட்டே இருந்துச்சு, கடைசில பாத்தா டேட்டா வாங்கற ரிசீவ் காலோட ரிட்டர்ன் வேல்யூவ அது பாக்கவே இல்ல.

அதனால இப்ப கோட படிக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு பண்ணுவேன். எந்த பக்குக்காக டெஸ்ட் எழுதினாங்களோ அந்த ஃபிக்ஸ ரிவர்ட் பண்ணிட்டு ஓட்டிப் பாப்பேன். அப்ப டெஸ்ட் ஃபெயில் ஆகணும், ஆகலன்னா மத்தத பேசறதே வேஸ்ட். இதுக்கு விர்ட்மி-என்ஜிங்கற டூல் வசதி, பில்ட் பண்ண கெர்னல வீஎம்ல பூட் பண்ணி நம்ம ஃபைல்களையே காட்டும், நம்ம மெஷின் நெட்வொர்க் கெடாது.

அப்புறம் கோடு. டெஸ்ட் ஹார்னஸ்ல (செல்ஃப்டெஸ்ட் எழுதற ஃபிரேம்வொர்க்) அசர்ட்னா அந்த இடத்துலயே டெஸ்ட் நின்னுடும், எக்ஸ்பெக்ட்னா ஃபெயில்னு குறிச்சுட்டு மேல போயிட்டே இருக்கும். சாக்கெட் திறக்கறது, பைண்ட், கனெக்ட் இதுக்கெல்லாம் எக்ஸ்பெக்ட் போட்டிருந்தா விடாதீங்க, ஏன்னா சாக்கெட் திறக்க முடியாம எஃப்டி (ஃபைல் டிஸ்கிரிப்டர், சாக்கெட்டோட நம்பர்) மைனஸ் 1 ஆனப்புறமும் கீழ இருக்கற எல்லாம் ஓடி வரிசையா எரர் கொட்டும், நிஜ காரணம் எங்கயோ மேல புதைஞ்சு கிடக்கும். டிசிபில ஒரே ரிசீவ்ல முழு டேட்டாவும் வந்துடும்னு நம்பி எழுதியிருக்காங்களான்னும் பாருங்க, பாதி வரலாம், ஒண்ணு லூப் வேணும் இல்ல முழுசா வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்ற வெயிட்-ஆல் ஃபிளாக் வேணும்.

ஒரு செகண்ட் சும்மா காத்திருக்கற ஸ்லீப் 1னு கண்ணுல பட்டா எனக்கு உடனே சந்தேகம்தான். சர்வர் லிசன் பண்ற வரைக்கும் காத்திருக்க ஷெல் ஹெல்பர் ஏற்கனவே இருக்கு, அத யூஸ் பண்ணச் சொல்லுங்க. போர்ட் நம்பர ஹார்ட்கோட் பண்ணா டைம்-வெயிட்ல (மூடின கனெக்ஷன் கொஞ்ச நேரம் போர்ட்ட பிடிச்சு வெச்சிருக்கற நிலை) 60 செகண்ட் மாட்டிக்கிட்டு அடுத்த ரன்ல பைண்ட் ஃபெயில் ஆகலாம், 0 குடுத்து பைண்ட் பண்ணிட்டு கெட்சாக்நேம்ல எந்த போர்ட் கிடைச்சுதுன்னு கேட்டுக்கலாம். ஐபிவி6 அட்ரஸ் சேத்த உடனே பைண்ட் பண்ணா சில சமயம் ஃபெயில் ஆகும், டூப்ளிகேட் அட்ரஸ் செக் முடியறவரைக்கும் அது டென்டேட்டிவ் நிலையில இருக்கும், அந்த செக்க ஆஃப் பண்ற நோடேட் ஆப்ஷன போட்டுட்டா தொல்ல இல்ல. இது புரியாம நான் ஒரு நாள் முழுக்க ஓட்டிருக்கேன்.

டெஸ்ட் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்ல (மெஷினோட நெட்வொர்க்லேர்ந்து பிரிச்சு வெச்ச தனி நெட்வொர்க்) ஓடுதா, நடுவுல செத்தாலும் அத கிளீன் பண்ணுதான்னு பாருங்க. தேவையான ஃபீச்சர் கெர்னல்ல இல்லன்னா பாஸ்னு சொல்லக் கூடாது, எக்ஸிட் கோட் 4 குடுத்து ஸ்கிப் ஆகணும். புது கான்ஃபிக் ஆப்ஷன் வேணும்னா அந்த ஃபோல்டர்லயே இருக்கற கான்ஃபிக் ஃபைல்ல ஏத்தணும், மேக்ஃபைல்லயும் சேக்கணும், பைனரி பேர கிட்இக்னோர்ல (கிட் கண்டுக்க வேண்டாத ஃபைல்களோட லிஸ்ட்) போடணும். இந்த மூணுல ஏதாவது ஒண்ண மறக்காம வர்ற பேட்ச் அபூர்வம்.

கடைசியா நூறு தடவ லூப்ல போட்டு ஓட்டுங்க, அதையே மெமரி தப்புகள பிடிக்கற கேஏசான் ஆன் பண்ண டிபக் கெர்னல்லயும் பண்ணுங்க, அது ஸ்லோவா ஓடும், டைமிங்க நம்பி எழுதின டெஸ்ட் எல்லாம் அங்கதான் பல்லிளிக்கும். நூத்துல ஒண்ணு விழுந்தாலும் லாக்கோட திருப்பி அனுப்பிடுங்க.