பக்கத்து வீட்டில இருந்து பார்ட்டி வால் நோட்டீஸ் வந்தா பேசாம இருக்காதீங்கோ

லண்டனுக்குப் புதுசா வந்து டெரஸ் (வரிசையா ஒட்டின) வீட்டிலயோ செமியிலயோ (ரெண்டா ஒட்டின வீடு) குடியேறுற ஆக்களுக்கு இதை முதலே சொல்லிவைக்க வேணும். ஊரில எங்களுக்குச் சண்டை வாறது வேலியாலயும் கிணத்துப் பங்காலயும்தான், இங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அதில கை வைக்கிறதுக்கெண்டே ஒரு சட்டம் இருக்கு. 1996ல வந்த பார்ட்டி வால், அதாவது பொதுச்சுவர்ச் சட்டம், 1997 ஜூலையில இருந்து நடைமுறையில இருக்கு, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்தான். பிளாட் (மாடி வீடு) எண்டா மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் இடையில இருக்கிற தளமும் இதுக்குள்ள வரும்.

நாங்கள் ஈஸ்ட்ஹாமில வீடு வாங்கின முதல் வருஷம் பக்கத்து வீட்டம்மா ஒரு கடிதம் போட்டவ, லொஃப்ட் (கூரைக்குள்ள ஒரு அறை) கட்டப்போறாவாம், பொதுச்சுவரில ரெண்டு இரும்பு பீம் ஏத்தோணுமாம். எங்களுக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை, அதால கடிதத்தை மைக்ரோவேவுக்கு மேல வச்சிட்டு எங்கட பாட்டில இருந்திட்டம். மௌனம் சம்மதம் எண்டு கேட்டு வளந்த ஆக்கள்தானே நாங்கள். இந்தச் சட்டத்தில அது தலைகீழ். 14 நாளுக்குள்ள எழுத்தில ஓம் எண்டு குடுக்காட்டி தகராறு எண்டுதான் கணக்கு. பிறகு இன்னொரு கடிதம் வந்தது, 10 நாளுக்குள்ள இந்தத் தகராறைத் தீர்த்து வைக்க ஒரு சர்வேயரைப் போடுங்கோ, இல்லாட்டி உங்களுக்கும் நாங்களே போடுவம் எண்டு. கடைசியில ரெண்டு சர்வேயரின்ர காசும் அவவின்ர தலையில, ஏனெண்டா வழமையா வேலை செய்விக்கிற ஆள்தான் கட்டுறது. அதுக்குப் பிறகு அவ எங்களோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல. ஒரு கையெழுத்தில முடிஞ்சிருக்க வேண்டிய விசயம், இண்டைக்கும் எனக்கு அது மனவருத்தம்தான்.

ஆனபடியா கடிதம் வந்தா வாசிச்சிட்டுப் பதில் போடுங்கோ. ஓம் எண்டு சொல்லலாம், இல்லாட்டி ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சர்வேயர் எண்டு கேக்கலாம், உங்களுக்கெண்டு தனி சர்வேயரும் போடலாம். ஓம் எண்டா உரிமை போயிடும் எண்டு பயப்பிடாதீங்கோ, அந்த வேலையால உங்கட பக்கம் பழுது வந்தா அவை திருத்தித் தரத்தான் வேணும். வேலையை அப்பிடியே மறிக்கவும் ஏலாது, எப்பிடிச் செய்யிறது எந்த நேரத்தில செய்யிறது எண்டதைத்தான் சர்வேயர் 'அவார்ட்' எண்ட தீர்ப்புப் பத்திரத்தில எழுதுவார். அது பிழை எண்டு பட்டா 14 நாளுக்குள்ள கவுண்டி கோர்ட்டுக்குப் போகலாம். வாடகைக்கு இருக்கிற ஆக்கள் 'ஓனர்' எண்டு போட்ட கடிதத்தைக் குப்பையில போடாம அண்டைக்கே வீட்டுக்காரருக்குக் குடுங்கோ.

நீங்கள் கட்டுறதெண்டா, பொதுச்சுவரை வெட்டுறது, பீம் ஏத்துறது, சிம்னி எடுக்கிறதுக்கு 2 மாசம் முந்தி நோட்டீஸ் குடுக்கோணும். பக்கத்து வீட்டில இருந்து 3 மீட்டருக்குள்ள அவையின்ர அத்திவாரத்தை விட ஆழமாத் தோண்டுறதெண்டா 1 மாசம். பக்கத்து வீடு புருஷன் பெண்சாதி ரெண்டு பேரின்ர பேரில எண்டா ரெண்டு பேருக்கும் குடுங்கோ. ஷெல்ஃப் அடிக்கிறது, பூச்சு பூசுறதுக்கெல்லாம் தேவையில்லை. கவுன்சில் பிளானிங் பெர்மிஷன் தந்தாலும் இது வேற, அது வேற. சில பில்டர்மார் 'உதெல்லாம் தேவையில்லை அண்ணை' எண்டுவினம், கேக்காதீங்கோ, நோட்டீஸ் குடுக்காமத் துவங்கினா பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய் வேலையை நிப்பாட்டலாம், அப்ப கூரை கழட்டின வீட்டுக்குள்ள இருக்கப்போறது நீங்கள். நோட்டீஸ் மாதிரிக் கடிதம் அரசாங்க வெப்சைட்டில சும்மாவே கிடக்கு.

எங்கட லொஃப்ட் கட்டேக்க நான் முதல்ல மற்றப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, படத்தை அவையின்ர மேசையில விரிச்சுக் காட்டிட்டுத்தான் நோட்டீஸ் குடுத்தனான். அவையைக் கேட்டு அவையின்ர படுக்கையறைச் சுவரையும் படமெடுத்தம். கதவுக்கு மேல மயிர் மாதிரி ஒரு பழைய வெடிப்பு, பக்கத்தில ஒரு பென்னிக் காசைப் பிடிச்சு எடுத்து அவைக்கும் ஒரு பிரதி அனுப்பினனான். வேலை முடிய யன்னலுக்குப் பக்கத்தில புதுசா ஒண்டு வந்திருந்தது. ரெண்டு படத்தையும் வச்சுப் பாத்தம், ஒரு வாக்குவாதமும் இல்லை, பில்டர் அண்டு பின்னேரமே அடைச்சு அதே கிரீம் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தார்.