வீட்டுலயே பிபி சரியா பாக்கறது எப்படி: மெஷின் இருந்தா மட்டும் போதாது

பாண்டி கடலூர் பக்கம் இப்பல்லாம் நிறைய வீட்டுல பிபி மெஷின் இருக்குது, பையன் வெளிநாட்டுலேர்ந்து வாங்கிட்டு வந்தது இல்ல ஆன்லைன்ல ஆஃபர்ல போட்டதுன்னு எதாவது ஒண்ணு. ஆனா அதை எப்படி கட்டணும், எப்படி உக்காரணும், வர்ற நம்பரை என்ன பண்ணணும்னு யாரும் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றது கிடையாது. அப்புறம் ஒரு நாள் 158 காட்டுனா வீடே கலங்கிப் போவுது, மறுநாள் 126 காட்டுனா மாத்திரையை நிறுத்திடறாங்க. ரெண்டுமே தப்பு. ரெண்டுமே அளந்த விதத்துனால வந்த நம்பரா கூட இருக்கலாம்.

இதை நம்ம ஊருக்குன்னே எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்குது. 2023-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல் குழுமத்துல வந்துச்சு, நாடு முழுக்க 1,13,043 பேர்கிட்ட எடுத்தது, அதுல இந்தியாவுல 35.5% பேருக்கு பிபி, 11.4% பேருக்கு சுகர். புதுச்சேரியில சுகர் எவ்ளோன்னா 26.3%, கோவாவுக்கு அடுத்து நாம தான். நாலுல ஒருத்தருக்கு சுகர் இருக்கற ஊர்ல பிபியும் சேர்ந்தா கிட்னி, கண்ணு, ஹார்ட்டு எல்லாத்துக்கும் அடி விழும், அதனால இங்க பிபியை சும்மா ஒப்புக்கு பாக்கக் கூடாது.

மொதல்ல மெஷின். மேல் கையில கட்டற மாதிரி இருக்கறதை வாங்குங்க. மணிக்கட்டுல கட்டறது சின்னதா அழகா இருக்கும், ஆனா கையை எந்த உயரத்துல வைக்கறோம்ங்கறதை வச்சு நம்பர் ரொம்ப ஆடும், டாக்டருங்களும் பொதுவா அதை நம்பறது இல்ல. ஸ்ட்ரைட் பிபின்னு ஒரு வெப்சைட் இருக்குது, எந்தெந்த மாடலை முறையா சோதிச்சு பாத்திருக்காங்கன்னு லிஸ்ட் போட்டிருப்பாங்க, வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாடல் பேரு அதுல இருக்குதான்னு ஒரு தடவை பாத்துடுங்க. வாங்கினதுக்கு அப்புறம் அடுத்த தடவை ஆஸ்பத்திரி போவும்போது மெஷினையும் பையில போட்டு எடுத்துட்டுப் போயி அவங்க மெஷினோட ஒத்துப் போவுதான்னு பாத்துட்டு வாங்க.

அடுத்தது பட்டை, அதாங்க கஃப். இது தான் யாருமே பாக்காத விஷயம். 2023-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டியில 195 பேருக்கு கஃப் சைஸை மாத்தி மாத்தி போட்டு பாத்தாங்க, ஜாமா இன்டர்னல் மெடிசின்ங்கற மருத்துவ ஜர்னல்ல வந்த ஆய்வு. ரொம்ப பெரிய கஃப் தேவைப்படற ஆளுக்கு சாதாரண சைஸ் போட்டா மேல் நம்பர் (135/85னு வந்தா அந்த 135, 85 கீழ் நம்பர்) சராசரியா 19.5 கூட காட்டுச்சு. பெரிய சைஸ் தேவைப்படறவங்களுக்கு 4.8 கூட. சின்ன கஃப் தேவைப்படற ஒல்லியான கைக்கு சாதாரண சைஸ் போட்டா 3.6 கம்மியா காட்டுச்சு. யோசிச்சு பாருங்க, நிஜத்துல 125 இருக்கற ஒருத்தருக்கு பட்டை பத்தாததுனாலயே 144 காட்டும், அவருக்கு தேவையில்லாம மாத்திரை ஏறும். தேவனாம்பட்டினத்துல வலை இழுத்து இழுத்து கை உருண்டு திரண்டு இருக்கற அண்ணன்களுக்கும் சரி, உடம்பு கொஞ்சம் கூடின அம்மாக்களுக்கும் சரி, இது நேரா பொருந்தும்.

டெய்லர் டேப்பை எடுத்துக்கோங்க. தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவுல சுத்தளவு பாருங்க, செண்டிமீட்டர்ல. கஃப் மேலேயே 22-32னோ 22-42னோ அச்சடிச்சிருக்கும், உங்க அளவு அதுக்குள்ள வரணும். வரலன்னா மெஷினை தூக்கிப் போட வேணாம், நிறைய மாடலுக்கு பெரிய கஃப் தனியாவே கிடைக்குது, அதை மட்டும் வாங்குங்க.

இப்ப உக்கார்ற விதம். எங்க அம்மாவுக்கு எடுக்கறதை வச்சே சொல்றேன், ஏன்னா இதுல தான் விஷயமே இருக்குது. அம்மா கட்டில் ஓரத்துல தான் உக்காருவாங்க, கால் தொங்கும், முதுகுக்கு சாய ஒண்ணும் இருக்காது, கையை மடியில வச்சுப்பாங்க, ஜாக்கெட் கையை மேல சுருட்டி விட்டிருப்பாங்க, அது கையை கயிறு மாதிரி இறுக்கிப் பிடிச்சிருக்கும், இதுக்கு நடுவுல குக்கர் எத்தனை விசில் வந்துச்சுன்னு வேற கேப்பாங்க. இதுல ஒவ்வொண்ணும் நம்பரை தனித்தனியா தள்ளும். அதனால இப்ப கை வச்ச பிளாஸ்டிக் சேர்ல சாஞ்சு உக்கார வைக்கறோம், ரெண்டு பாதமும் தரையில, கால் மேல கால் கிடையாது. டைட் ஜாக்கெட்டுக்கு பதிலா நைட்டியில இருக்கும்போது எடுக்கறோம், கஃப் நேரா தோல் மேல படணும், முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல இருக்கணும், பட்டைக்குள்ள ஒண்ணு ரெண்டு விரல் நுழையற அளவுக்கு இறுக்கம் இருந்தா போதும். டியூப் உள்ளங்கை பக்கமா இறங்கணும். பக்கத்துல சாப்பாட்டு டேபிள் இருந்தா கையை அது மேல நீட்டி வைக்கலாம், உயரம் பத்தலன்னா ஒரு தலகாணியை மடிச்சு கீழ வச்சு கஃப் நெஞ்சு நடுவுக்கு நேரா வர்ற மாதிரி பண்ணுங்க. நீங்களா கையை தூக்கிப் பிடிச்சுக்கக் கூடாது, சதை இறுகினா நம்பர் ஏறும்.

கை விஷயத்துல மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். 2024 அக்டோபர்ல அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆளுங்க 133 பேரை வச்சு இன்னொரு ஆய்வு வெளியிட்டாங்க. கையை டேபிள் மேல வச்சு எடுத்ததை விட மடியில வச்சு எடுத்தா மேல் நம்பர் 3.9, கீழ் நம்பர் 4.0 கூட வந்துச்சு. பக்கத்துல தொங்க விட்டா மேல 6.5, கீழ 4.4 கூட. காரணம் ரொம்ப சிம்பிள், கை இதயத்துக்கு கீழ இறங்க இறங்க ரத்தத்தோட எடையும் சேர்ந்து அழுத்துது, 10 செண்டிமீட்டர் இறங்கினா கிட்டத்தட்ட 7, 8 பாயிண்ட் கூடும். பிபியே இல்லாத ஆளுக்கு பிபின்னு பேர் வைக்க இந்த ஆறேழு பாயிண்டே போதும்.

எடுக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி காபி, டீ, பீடி, சிகரெட், வாக்கிங் எதுவும் வேணாம். பீச் ரோட்டுல நடந்துட்டு வந்த கையோட மெஷினை மாட்டாதீங்க. ஒண்ணுக்கு வந்தா மொதல்ல போயிட்டு வந்துடுங்க, அடக்கி வச்சுட்டு உக்காந்தா அதுவும் ஏத்தும். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, ஃபோன் வேணாம், சீரியல் வேணாம், எடுக்கும்போது பேச்சு வேணாம், பக்கத்துல இருக்கறவங்களும் பேச்சு குடுக்கக் கூடாது. குடிக்கற பழக்கம் இருந்தா குடிச்ச அன்னைக்கும் மறுநாள் காலையிலயும் வர்ற நம்பரை நம்பாதீங்க, மொதல்ல எறங்கும் அப்புறம் ஏறும்.

மொதல் தடவை ரெண்டு கையிலயும் பாருங்க, எந்தக் கையில கூட வருதோ இனிமே எப்பவும் அந்தக் கை தான். வித்தியாசம் 15, 20ன்னு ஒவ்வொரு தடவையும் வந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும்.

எப்ப எடுக்கறது? டாக்டரை பாக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு ஏழு நாள், காலையில மாத்திரை போடறதுக்கும் டிபனுக்கும் முன்னாடி ரெண்டு தடவை, சாயங்காலம் இல்ல ராத்திரி ரெண்டு தடவை, ஒவ்வொரு ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் இடைவெளி. எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க, கூட வந்ததை மறைக்காதீங்க, கம்மியா வந்ததை மட்டும் எழுதாதீங்க. மொதல் நாள் நம்பரை விட்டுட்டு மிச்ச ஆறு நாளுக்கு சராசரி போடுங்க, ஃபோன் கால்குலேட்டர் போதும். இந்த சராசரி 135/85-ஐ தொட்டாலோ தாண்டினாலோ அது ஆஸ்பத்திரியில 140/90 வர்றதுக்கு சமம்னு ஐரோப்பிய வழிகாட்டுதல்ல வச்சிருக்காங்க, அமெரிக்காவுல 130/80-லயே ஆரம்பிச்சுடறாங்க. ஏழு நாள் முடிஞ்சதும் மெஷினை உள்ள வச்சுடுங்க. தினம் பத்து தடவை எடுத்து எடுத்து பயந்தா அந்த பயமே நம்பரை ஏத்தும்.

ஆஸ்பத்திரியில எடுக்கறது தானே கரெக்ட்டுன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. கடலூர்லேர்ந்து விடியக்காலையில பஸ் ஏறி வந்து, வெயில்ல நடந்து, ஓபி சீட்டுக்கு வரிசையில நின்னு, பேரை கூப்பிட்டதும் ஓடிப் போயி உக்காந்து, உடனே கையில பட்டையை கட்டினா என்ன நம்பர் வரும்? எங்க அம்மாவுக்கு ஒரு இடத்துல அப்படித்தான் எடுத்து மாத்திரையை ஏத்துனாங்க, வீட்டுக்கு வந்து எந்திரிச்சா தலை சுத்தல். அப்புறம் வீட்டு நோட்டை காட்டினதும் தான் பழைய டோஸுக்கே மாத்துனாங்க. இதுக்கு நேர் எதிரா ஆஸ்பத்திரியில நம்பர் நல்லா இருந்து வீட்டுல அதிகமா இருக்கறவங்களும் உண்டு, அது இன்னும் ஆபத்து, ஏன்னா யாருக்குமே தெரியாமலே ஓடிட்டு இருக்கும். ரெண்டையும் காட்டிக் குடுக்கறது வீட்டு நோட்டு தான்.

120க்கு கீழ கொண்டு வரணும்னு இப்ப நிறைய பேச்சு அடிபடுது, அதையும் சொல்லிடறேன். 2015-ல வந்த ஸ்பிரிண்ட் ஆய்வுல 9,361 பேர், மேல் நம்பரை 120க்கு கீழ கொண்டு போனவங்களுக்கும் 140க்கு கீழ வச்சவங்களுக்கும் ஒப்பிட்டாங்க. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், ஹார்ட் ஃபெயிலியர் மாதிரி பாதிப்பு 25% குறைஞ்சுது. இந்த 25-ஐ கேட்டுட்டு நாலுல ஒருத்தர் பொழைச்சுட்டாங்கன்னு நினைச்சுக்காதீங்க, வருஷத்துக்கு 100க்கு 2.19 பேர்ங்கறது 1.65 ஆச்சு, அதாவது ஆயிரம் பேர்ல வருஷத்துக்கு அஞ்சாறு பேருக்கு தடுத்திருக்குது. அதுவும் பெரிய விஷயம் தான், கூடவே பிபி ரொம்ப எறங்கறது, மயக்கம், கிட்னி தொந்தரவும் 120க்கு கீழ கொண்டு போனவங்களுக்கு அதிகமா வந்துச்சு. சுகர் இருக்கறவங்களை அந்த ஆய்வுல சேக்கவே இல்ல. அந்தக் குறையை 2024-ல சீனாவுல நடந்த பிப்ரோட் ஆய்வு தீத்துச்சு, சுகர் இருக்கற 12,821 பேர், அங்கயும் 120க்கு கீழ போனவங்களுக்கு பாதிப்பு 21% குறைவு. சுகர் இவ்ளோ இருக்கற நம்ம ஊருக்கு இது முக்கியமான சேதி.

ஆனா இந்த 120ங்கறது எப்படி எடுத்த 120னு பாக்கணும். ஸ்பிரிண்ட்ல அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வச்சு, ஆட்டோமேட்டிக் மெஷின்ல மூணு தடவை எடுத்து சராசரி போட்டாங்க. நாம கையை தொங்க விட்டு அவசரத்துல எடுத்த 135-ஐ அந்த 120 பக்கத்துல வச்சு மாத்திரையை ஏத்துனா, ஆய்வுல இருந்தவங்களை விட நம்மளை கீழ தள்ளறோம். இலக்கு என்னங்கறது வயசு, கிட்னி, மயக்கம் வருதாங்கறதை எல்லாம் வச்சு டாக்டர் சொல்ல வேண்டியது, நம்ம வேலை அவங்க கையில நல்ல நம்பரை குடுக்கறது.

வயசானவங்களுக்கும் ரொம்ப வருஷமா சுகர் இருக்கறவங்களுக்கும் இன்னொண்ணு சேத்துக்கோங்க. உக்காந்து எடுத்த அப்புறம் எந்திரிச்சு நிக்க வச்சு, ஒரு நிமிஷத்துலயும் மூணு நிமிஷத்துலயும் எடுங்க, பக்கத்துல ஒருத்தர் பிடிச்சுக்கணும். மேல் நம்பர் 20 இல்ல கீழ் நம்பர் 10 எறங்கினா நோட்டுல தனியா கோடு போட்டு எழுதுங்க, ராத்திரி பாத்ரூம் போவும்போது விழறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

மாத்திரை ராத்திரி போட்டா தான் நல்லதுன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. பிரிட்டன்ல 21,104 பேரை வச்சு டைம்னு ஒரு ஆய்வு, 2022-ல லான்செட்ல வந்துச்சு, காலையில போட்டவங்களுக்கும் ராத்திரி போட்டவங்களுக்கும் ஹார்ட் அட்டாக்குலயோ ஸ்ட்ரோக்குலயோ வித்தியாசமே இல்ல. மறக்காம போடற நேரம் எதுவோ அதுவே உங்க நேரம். கடலூர் பக்கம் மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே மாத்திரை கொண்டு வர்றவங்ககிட்டயும் நோட்டை காட்டுங்க.

180/120க்கு மேல காட்டினா பதறாம அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி எடுங்க. கூடவே நெஞ்சு வலி, மூச்சு திணறல், வாய் கோணுறது, ஒரு பக்கம் கை கால் விழறது, பேச்சு குழறல், பார்வை மங்கறது எதாவது இருந்தா மறுபடி எடுக்கறதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, உடனே 108. அறிகுறி எதுவும் இல்லாம நம்பர் மட்டும் கூட இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க, நீங்களா ரெண்டு மாத்திரையை சேத்து போட்டுடாதீங்க, சட்டுனு எறங்கறதும் மூளைக்கு ஆபத்து.

உப்பு விஷயம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்கு கீழன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன், அதுக்குள்ள தான் முதுநகர் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாமே அடங்கணும். கருவாட்டை விட முடியாதுன்னா வெந்நீர்ல ரெண்டு மூணு தடவை அலசிட்டு, குழம்புல தனியா உப்பு போடாதீங்க. பொட்டாசியம் கலந்த உப்பு இப்ப கடையில கிடைக்குது, 2021-ல சீனாவுல 600 கிராமத்துல 20,995 பேர்கிட்ட பாத்ததுல அதை பயன்படுத்தினவங்களுக்கு ஸ்ட்ரோக் 14% குறைஞ்சுது. ஆனா கிட்னி பிரச்சினை இருக்கறவங்களும், டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை போடறவங்களும் டாக்டரை கேக்காம அதை தொடவே கூடாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பையே கெடுத்துடும்.

நோட்டுல நம்பர் திடீர்னு ஏறி ஒரு காரணமும் தெரியலன்னா, அந்த வாரம் முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்புல வாங்கி போட்ட மாத்திரையை யோசிச்சு பாருங்க. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரைங்க பிபியையும் ஏத்தும், கிட்னியையும் படுத்தும். இனிமே வலிக்கு மாத்திரை கேக்கும்போது எனக்கு பிபி இருக்குதுன்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம் கேளுங்க, போட்ட தேதியையும் மாத்திரை பேரையும் அதே நோட்டுல ஓரமா குறிச்சு வையுங்க.