எல்லாவற்றையும் யூடிசியில் சேமித்தால் போதுமா? தேதியிலும் நேரத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களின் நிரல்களைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு இருப்பதால், என் தலைமுறையினர் செய்து திருத்திய பிழைகள் வரிக்கு வரி மீண்டும் எழுதப்படுவதைப் பார்க்கிறேன். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி எழுதுவது போன்றவற்றை முதல் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். சோதனைகளைக் கடந்து, பல மாதங்கள் கழித்துப் பயனரிடம் போய்ச் சேரும் தவறுகளே இங்கு எழுத வேண்டியவை.

ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுதல்

இந்திய நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் கோடைக்கால நேரமாற்றம் இந்தியாவில் இல்லாததால், நேர மண்டலம் என்பது ஓர் எண் என்றே இங்குள்ள பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அது ஓர் இடத்தின் கடிகாரம் காலந்தோறும் எப்படி மாறியது என்பதன் முழு வரலாறு. இலங்கை 1996 மே மாதத்தில் ஐந்தரையிலிருந்து ஆறரை மணிக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணிக்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. யூடிசியில் பதிவான 2001ஆம் ஆண்டின் கொழும்புப் பரிவர்த்தனை ஒன்றை இன்றைய வேறுபாட்டைக் கூட்டிக் காட்டினால், விடை அரை மணி நேரம் பிசகும். ‘ஏசியா/கொழும்பு’ என்ற மண்டலப் பெயரைக் கொடுத்து, கணக்கை நேரத்தைக் கையாளும் நிரல் நூலகத்திடமே விட்டுவிடுங்கள்.

வருங்கால நிகழ்வை யூடிசியாக மட்டும் சேமித்தல்

‘எல்லாவற்றையும் யூடிசியில் சேமி’ என்ற அறிவுரையைப் பாதியளவே புரிந்துகொண்டு பின்பற்றுவதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு. நடந்து முடிந்தவற்றுக்கு, அதாவது பணம் செலுத்திய கணத்துக்கும் சேவையகப் பதிவுகளுக்கும், அந்த அறிவுரை முற்றிலும் சரி. ஓர் ஊரின் கடிகாரத்தைப் பார்த்து இனிமேல் நடக்கவிருக்கும் நிகழ்வுகளுக்கு அது பொருந்தாது.

சென்னையிலிருந்து லண்டன், டொராண்டோ பிள்ளைகளுக்கு இணையவழியில் இசை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான அட்டவணை மென்பொருள் ஒன்றைப் பழுதுபார்க்க என்னை அழைத்திருந்தார்கள். லண்டனில் சனிக்கிழமை காலை பத்து மணி என்று பெற்றோரிடம் ஒப்புக்கொண்ட வகுப்பை, குளிர்காலத்தில் யூடிசியாக மாற்றி, வாரந்தோறும் ஏழு நாள்களைக் கூட்டி எழுதியிருந்தார்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று பிரிட்டனின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே சென்றதும், வகுப்பு பதினொரு மணிக்கு நகர்ந்துவிட்டது. பிள்ளைகள் பத்து மணிக்கு வந்து காத்திருக்க, ஆசிரியர் இந்திய நேரம் பிற்பகல் மூன்றரைக்கு, அதாவது லண்டனில் பதினொன்றுக்குத்தான் வந்தார். அதைவிட மோசமானது அவர்கள் செய்திருந்த திருத்தம்: தரவுத்தளத்தின் எல்லா வரிசைகளிலும் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டார்கள். டொராண்டோ அதற்கு முன்பே, மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே மாறிவிடும் என்பதையும், அக்டோபரில் லண்டன் பழைய நேரத்துக்குத் திரும்பும் என்பதையும் யாரும் கணக்கில் கொள்ளவில்லை.

விதிகளை முன்கூட்டியே அறிந்த நூலகத்தைப் பயன்படுத்தினாலும் ஆபத்து தீர்வதில்லை, ஏனெனில் விதிகளே மாறக்கூடியவை. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடைக்கால நேரம் தொடங்க இரண்டு மூன்று நாள்களே இருந்தபோது அதைத் தள்ளிவைத்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் முடிவைத் திரும்பப் பெற்றது. உலக நாடுகளின் நேர விதிகளைத் தொகுத்து வைக்கும் ஐயானா மண்டலத் தரவுத்தளம் அந்த ஒரு வாரத்துக்குள் அம்மாற்றத்துக்காக ஒரு பதிப்பையும், அதை நீக்க மற்றொரு பதிப்பையும் வெளியிட நேர்ந்தது. பெய்ரூட்டில் காலை பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியவருக்கு, அரசு என்ன முடிவெடுத்தாலும் அது பத்து மணிதான். யூடிசியை மட்டும் வைத்திருக்கும் மென்பொருளால் அந்தப் பத்து மணியை மீட்டெடுக்க முடியாது.

ஆகவே உள்ளூர்த் தேதி, உள்ளூர் நேரம், மண்டலப் பெயர் ஆகிய மூன்றையும் மூலத் தரவாகச் சேமியுங்கள். வரிசைப்படுத்தவும் நினைவூட்டல் அனுப்பவும் யூடிசி மதிப்பைத் தனியே கணக்கிட்டு வைத்து, மண்டலத் தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மீண்டும் கணக்கிடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ‘டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன்’ வகை மண்டலப் பெயரைச் சேமிப்பதில்லை; அதற்குத் தனி நெடுவரிசை தேவை.

பிறந்த தேதியை நள்ளிரவாக மாற்றுதல்

இந்திய நள்ளிரவு என்பது யூடிசியில் முந்தைய நாள் 18:30 என்பதால், தேதி ஒரு நாள் முன்னதாகத் தெரியக்கூடும். பிறந்த தேதிக்குத் தேதி வகையே போதும்.

ஐஎஸ்டி என்று எழுதுதல்

இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் இதே சுருக்கத்தைப் பயன்படுத்துகின்றன. எழுதாதீர்கள்.

மண்டலத் தரவு எங்கும் ஒன்றே என நம்புதல்

இயங்குதளம், ஜாவா, தரவுத்தளம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப் பிரதி வைத்திருக்கலாம். அவற்றின் பதிப்புகள் வேறுபட்டால் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் வரும். விண்டோஸ் தனக்கென வேறு மண்டலப் பெயர்களை வைத்திருக்கிறது. அங்கே பைத்தான் மொழியின் நேர மண்டல நூலகமான ‘சோன்இன்ஃபோ’ செயல்பட ‘டிசிடேட்டா’ (tzdata) தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். நிரலைத் தேவையானவற்றோடு மட்டும் பொதிந்து இயக்கும் மெலிந்த கன்டெய்னர்களில் இத்தரவு இல்லாமலே போகலாம் என்பதால், சார்புப் பட்டியலில் அதை வெளிப்படையாகச் சேர்த்துவிடுங்கள்.

இந்திய நேரத்தில் மட்டும் சோதித்தல்

ஐந்தே முக்கால் மணி வேறுபாடுள்ள காட்மாண்டு, மார்ச் கடைசி ஞாயிறன்று அதிகாலை 1:30 என்ற நேரமே இல்லாத லண்டன், 2011 டிசம்பர் 30ஆம் தேதியையே நாள்காட்டியிலிருந்து விட்டுவிட்ட சமோவா ஆகிய மூன்றையும் சோதனைத் தொகுப்பில் சேருங்கள்.