செயற்கைக்கோள் தரவைக் கொண்டு சேவைத் தொழில் தொடங்குவோர் நிதி பெறுவது எப்படி? படிப்படியான செய்முறை விளக்கம்

விண்வெளித் தொழில் என்றதும் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் செய்கிற நிறுவனங்களே நினைவுக்கு வருகின்றன. சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ் அந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள் தரும் படங்களையும் இருப்பிடத் தகவல்களையும் கொண்டு வங்கி, காப்பீட்டு நிறுவனம், மாநகராட்சி, உழவர் கூட்டமைப்பு ஆகியவற்றுக்குச் சேவை விற்பதும் விண்வெளித் தொழிலே ஆகும். அதற்குத் தேவைப்படும் முதலும் ஒப்பிடுகையில் சிறியது. இத்துறையைத் தனியாருக்குத் திறந்துவிட 2020இல் மத்திய அமைச்சரவை முடிவு செய்து, தனியாரின் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி அளித்து ஊக்குவிக்கும், அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இன்-ஸ்பேஸ் அமைப்பு உருவான பிறகு, இவற்றுக்கான அரசு நிதித் திட்டங்கள் ஒவ்வொன்றாக வந்துள்ளன. எந்தத் திட்டத்தை எப்போது நாடுவது என்னும் வரிசையில் கவனம் வேண்டும். ஒன்றை முன்னதாகப் பெற்றதாலேயே இன்னொன்றுக்கான தகுதியை இழக்க நேரிடலாம்.

விளக்கத்திற்கு ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். காவிரி டெல்டாவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூழ்கிய சம்பா, தாளடி வயல்களைச் செயற்கைக்கோள் தரவின் மூலம் கண்டறிந்து, பயிர்க்கடன் வழங்கிய வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வாராந்திர அறிக்கை விற்க அந்நிறுவனம் விரும்புகிறது.

படி 1: யார் பணம் தருவார் என்பதை முதலில் எழுதுங்கள்

நிதி விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தொழில்நுட்பத்தைப் பற்றியே பேசிவிட்டு, வாடிக்கையாளரைப் பற்றிய பகுதிக்கு வரும்போது தடுமாறிவிடுகின்றன. சேவையால் பயன் அடைபவரும் அதற்குப் பணம் கொடுப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம் என்பதே இதற்குக் காரணம். நமது எடுத்துக்காட்டில் பயன் உழவருக்கு. பணம் கொடுக்கக்கூடியது வங்கியோ காப்பீட்டு நிறுவனமோதான். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 கரீஃப் பருவம் முதல் நெல், கோதுமைப் பயிர்களின் விளைச்சலைக் கணக்கிடும்போது, தொலை உணர்வு (செயற்கைக்கோள் வழியே நிலத்தைப் பார்த்து அளவிடும் முறை) வழியே பெறப்படும் மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத எடை தரப்படுகிறது. இத்தகைய கொள்கை மாற்றம் ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிந்தால், சந்தை இருக்கிறது என்பதைத் தனியே நிறுவப் பல பக்கங்கள் எழுத வேண்டியதில்லை.

படி 2: செலவில்லாத தரவைக் கொண்டு முன்மாதிரி செய்யுங்கள்

நிதி கேட்பதற்கு முன்பே ஒரு முன்மாதிரியைச் செய்துகாட்ட முடிகிற வசதி மற்ற ஆழ்தொழில்நுட்பத் துறைகளில் அரிது. இங்கே அது உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் துல்லியப் படங்களை (படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் காட்டும்) ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை தருகின்றன. வணிகப் பயன்பாட்டுக்கும் கட்டணம் இல்லை. இந்திய விண்வெளிக் கொள்கை 2023, 5 மீட்டரும் அதைவிடப் பரும்படியான துல்லியமும் கொண்ட அரசுத் தொலை உணர்வுத் தரவை இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலை உணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் பதிவு செய்து அவ்வகைத் தரவைப் பெறலாம்.

டெல்டாவில் மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கும் என்பதால் சாதாரண ஒளிப்படங்கள் பயன்படா. மேகத்தை ஊடுருவும் ரேடார் தரவு தேவை. சென்டினல்-1 அதை இலவசமாகவே தருகிறது. அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு திசையில் திருப்பிவிடுவதால் படத்தில் கருமையாகத் தெரியும். இங்கேதான் தொடக்கநிலையினர் சிக்குகிறார்கள். நெல் வயலில் தண்ணீர் நிற்பது இயல்பு. எனவே தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டால் சேதத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பொருள் ஆகாது. மேலும், பயிர் பாதி மூழ்கி நிற்கையில் அலை நீரிலும் தண்டிலுமாக இருமுறை எதிரொளித்துத் திரும்புவதால், அதே வயல் வெளிச்சமாகவும் தெரியக்கூடும். ஆகவே நடவு முதலே ஒவ்வொரு வயலையும் தொடர்ந்து கவனித்து, முந்தைய படங்களோடு ஒப்பிட்டு, கிராம அளவில் நேரில் சென்று சரிபார்த்த பின்னரே சேவையின் துல்லியத்தை எண்ணாகச் சொல்ல முடியும். விண்ணப்பத்தை ஆய்வு செய்யும் வல்லுநர் குழு இதைத்தான் கேட்கும் என்பதால், நேரடிச் சரிபார்ப்பு விவரங்களை இப்போதிருந்தே ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள்.

படி 3: பதிவுகளை முடித்துக்கொள்ளுங்கள்

நிறுவனத்தைத் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகவோ வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையாகவோ பதிவு செய்து, ஸ்டார்ட்அப் இந்தியா தளத்தில் அங்கீகாரமும், உதயம் தளத்தில் சிறு, குறு நிறுவனச் சான்றும் பெற வேண்டும். பின்னாளில் பங்கு விற்று முதலீடு திரட்டும் எண்ணம் இருந்தால் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமே வசதியானது. உதயம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்டு வரும் இடைத்தரகர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 4: நிலைக்கேற்ற நிதியைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்க நிலையில் இரண்டு வாசல்கள் உண்டு. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் ரூ.10 லட்சமும், பெண்கள் தலைமையிலானவை, பசுமைத் தொழில்நுட்பம், ஊரக மேம்பாடு சார்ந்தவை ஆகிய பிரிவுகளில் ரூ.15 லட்சமும் கிடைக்கும். மத்திய அரசு 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம், தொழில் வளர் மையங்கள் (இன்குபேட்டர்கள்) வழியாக, முன்மாதிரிக்கு ரூ.20 லட்சம் வரை மானியமாகவும், சந்தைப்படுத்தலுக்கு ரூ.50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாற்றத்தக்க பத்திரமாகவோ வழங்கும் வகையில் அமைந்தது. இதற்கு விண்ணப்பிக்கும்போது நிறுவனத்தின் வயது 2 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் ரூ.10 லட்சத்துக்கு மேல் நிதியுதவி பெற்றிருக்கவும் கூடாது.

இந்தக் கடைசி விதியை இருமுறை படியுங்கள். டான்சீட்டில் ரூ.10 லட்சம் பெற்ற நிறுவனம் வரம்புக்குள் நிற்கிறது, ரூ.15 லட்சம் பெற்றது வெளியேறிவிடுகிறது. போட்டிகளில் கிடைத்த பரிசுத்தொகை இக்கணக்கில் சேராது. இரண்டையும் விரும்புவோர் மத்தியத் திட்டத்திற்கு முதலில் விண்ணப்பித்துவிட்டு மாநிலத் திட்டத்திற்கு வருவது, என் கருத்தில், பாதுகாப்பான வழி. எனினும் அந்தந்த நாளில் எந்தத் திட்டம் விண்ணப்பங்களை ஏற்கிறது என்பதைத் தளத்தில் பார்த்துக்கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது இன்-ஸ்பேஸ் விதை நிதி. இதில் ஒரு நிறுவனத்துக்கு ரூ.1 கோடி வரை கிடைக்கலாம். அதனுடன் வல்லுநர் வழிகாட்டலும் வசதிகளைப் பயன்படுத்தும் வாய்ப்பும் சேர்ந்து வருகின்றன. இது எப்போதும் திறந்திருப்பதில்லை. நகர்ப்புற மேம்பாடு, பேரிடர் மேலாண்மை போன்ற தலைப்புகளை அறிவித்து, அவற்றுக்குள் மட்டுமே விண்ணப்பங்களைக் கேட்கிறார்கள். நமது டெல்டா நிறுவனம் பேரிடர் என்ற தலைப்பிலும் வேளாண்மை என்ற தலைப்பிலும் பொருந்தும் என்பதால், இரு விதமாகவும் கருத்துருவை ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது.

முன்மாதிரி நிலையைக் கடந்தவர்களுக்கு 2025 பிப்ரவரியில் இன்-ஸ்பேஸ் அறிவித்த ரூ.500 கோடி தொழில்நுட்ப ஏற்பு நிதி உள்ளது. புத்தொழில் நிறுவனங்களுக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் திட்டச் செலவில் 60 சதவீதம் வரையும், பெரிய நிறுவனங்களுக்கு 40 சதவீதம் வரையும் தருகிறார்கள். ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு ரூ.25 கோடி. கணக்கைப் பாருங்கள்: ரூ.5 கோடித் திட்டத்துக்கு ரூ.3 கோடி கிடைத்தாலும் மீதி ரூ.2 கோடியை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டமும் இதுபோன்றதே. படைகள் அறிவிக்கும் சவால்களுக்குத் தீர்வு தருவோருக்கு ரூ.1.5 கோடி வரை மானியம் உண்டு. அதற்கு இணையான பங்கை நிறுவனம் காட்ட வேண்டும். 2022இல் அதே அமைச்சகத்தின் சார்பில் அறிவிக்கப்பட்ட மிஷன் டெஃப்ஸ்பேஸ் விண்வெளி சார்ந்த 75 சவால்களைக் கொண்டிருந்தது. வயல் வெள்ளத்துக்கும் இராணுவத்துக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம்; மேகத்தின் ஊடே நிலத்தைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு அங்கேயும் தேவை இருக்கிறது.

2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை விண்வெளித் துறைக்கென ஒப்புதல் அளித்த ரூ.1,000 கோடி துணிகர முதலீட்டு நிதியைப் பற்றிச் செய்தித்தாள்கள் நிறைய எழுதின. வளர்ச்சி நிலை நிறுவனங்களுக்கு ரூ.10 கோடி முதல் ரூ.30 கோடி வரையும், அதற்கும் மேம்பட்டவற்றுக்கு ரூ.60 கோடி வரையும் முதலீடு செய்வது அதன் நோக்கம். இது மானியம் அன்று, பங்குக்கான முதலீடு; தொடக்கநிலையினர் இப்போதைக்கு இதை மறந்துவிடலாம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அமைச்சரவை ஏற்றுக்கொண்ட விண்வெளித் தொழிற்கொள்கையின் சலுகைகளும் பெரும்பாலும் ஆலை அமைப்போரையும் பெரிய முதலீட்டாளர்களையும் கருதியவையே.

படி 5: கருத்துருவை எழுதுங்கள்

பிரச்சினை, வாடிக்கையாளர், இப்போது அவர் அதை எப்படிச் சமாளிக்கிறார், உங்கள் சேவையால் அவருக்கு எவ்வளவு நாளும் பணமும் மிச்சம் ஆகும் என்பவற்றை முதல் இரண்டு பக்கங்களுக்குள் முடித்துவிடுங்கள். பிறகு தரவு மூலம், செயல்முறை, சரிபார்ப்பு முடிவுகள் வரட்டும். ஒரு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ சோதனை முயற்சிக்கு ஒப்புக்கொண்டு தரும் கடிதம், அழகிய விளக்கப்படங்கள் அனைத்தையும்விட வலுவானது. வரவு செலவுக் கணக்கில் கள ஆய்வுச் செலவையும் கணினிச் சேமிப்புச் செலவையும் குறைத்துக் காட்டாதீர்கள். துறையை அறிந்தவர் உடனே கண்டுகொள்வார். வேலையை, முடிந்ததா இல்லையா என்று வெளியாள் ஒருவர் சரிபார்க்கத்தக்க கட்டங்களாகப் பிரிப்பதும் அவசியம். ‘மென்பொருள் மேம்பாடு’ என்பது கட்டம் ஆகாது. ‘திருவாரூர் மாவட்டத்தின் இரண்டு வட்டங்களில் வயல்வாரி வெள்ள வரைபடம், நேரடிச் சரிபார்ப்புடன்’ என்பது ஆகும்.

படி 6: உரிமங்களைச் சரிபாருங்கள்

சொந்தமாகச் செயற்கைக்கோளோ தரைநிலையமோ இயக்குவோருக்கு இன்-ஸ்பேஸ் அங்கீகாரம் கட்டாயம். தரவை வாங்கிப் பகுப்பாய்வு செய்து விற்பவருக்கு அந்தச் சுமை மிகக் குறைவு. ஆயினும் தனியார் நிறுவனங்களிடமிருந்து வாங்கும் உயர்துல்லியப் படங்களின் உரிமத்தில், மூலப் படத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தடை இருப்பது வழக்கம். பகுப்பாய்வு முடிவை மட்டும் விற்கலாமா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் பெற்றுவிட வேண்டும். வயல் உரிமையாளர் விவரங்களைக் கையாள்வதாக இருந்தால் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஐயும் கருத்தில் கொள்ள வேண்டும்.

படி 7: பணம் வரும் காலத்தைத் திட்டமிடுங்கள்

ஒப்புதல் கடிதம் கைக்கு வந்ததும் முழுத்தொகையும் கணக்கில் சேர்ந்துவிடாது. தவணைகளாகவே வரும், ஒரு கட்டத்தை முடித்து, அறிக்கையும் பட்டயக் கணக்காளர் சான்றளித்த பயன்பாட்டுச் சான்றிதழும் அளித்த பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படும். அந்த இடைவெளியில் ஊழியர் சம்பளம் கொடுக்கச் சில மாதச் செலவுக்கான இருப்பு கையில் இருக்க வேண்டும். டெல்டா நிறுவனத்துக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு: கள ஆய்வுக்கான காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டுமே. முதல் தவணை ஜனவரியில் வருமாறு ஒப்பந்தம் அமைந்தால், முதல் கட்டத்தை முடிக்க அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க நேரிடும். எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, கட்டங்களின் தேதிகளைப் பருவத்தோடு பொருத்தித் தருமாறு எழுத்து மூலம் கேளுங்கள். தகுந்த காரணத்தோடு அந்த நிலையில் கேட்பது, கையெழுத்தான பிறகு கால நீட்டிப்புக் கோருவதைக் காட்டிலும் எளிது.